பின்கட்டையில ரெண்டு தேதி

அந்த ஊர் ரொட்டியை ஒரே ஒரு தடவை கடிச்சுப் பாருங்க, உங்க பல்லே சொல்லிடும் அது எப்படிப்பட்ட ஊர்னு. மேல செருப்புத் தோல், உள்ள ஈர மாவு. இருவத்தாறு வருஷமா அதையே தின்னுட்டு "எங்க ஊர் ரொட்டி மாதிரி வருமா"ன்னு வேற பெருமை. வராது சாமி, வரவே வராது. ரொட்டி சுடத் தெரிஞ்சவங்க மொத்தப் பேரும் மூணாம் தெருவுல இருந்தாங்க. மூணாம் தெருவைத்தான் கொளுத்திட்டீங்களே.

எதுக்குக் கொளுத்தினாங்கன்னு கேட்டா இன்னும் அசிங்கம். ரெண்டு கோஷ்டிக்கும் கடவுள் ஒண்ணு, புத்தகம் ஒண்ணு, பாட்டுகூட ஒண்ணு. ஒரு கோஷ்டி நின்னு கும்பிடும், இன்னொண்ணு உக்காந்து கும்பிடும். அவ்வளவுதான் வித்தியாசம். உக்காந்து கும்பிடுறது கடவுளுக்கு அவமரியாதைன்னு நிக்கிறவங்க மூணு நாள் தெருத்தெருவாப் போய் கடவுள் மானத்தைக் காப்பாத்தினாங்க. காப்பாத்தி முடிச்ச கையோட, உக்கார்றவங்க வீட்டு சோபா, கட்டில், நாற்காலி எல்லாத்தையும் தூக்கிட்டு வந்து அவங்கவங்க வீட்டுல போட்டு ஜம்முனு உக்காந்துட்டாங்க.

இதை யாரும் கலவரம்னு சொல்ல மாட்டாங்க. கொலைன்னு சொல்ல வாயே வராது. "சத்தம்"னு சொல்வாங்க. "சத்தத்துக்கு முன்னாடி கட்டின வீடு." "சத்தத்துக்கு அடுத்த வருஷம் பொறந்தவன்." ஏதோ பக்கத்து வீட்டுல மிக்சி ஓடின மாதிரி.

நான் அந்த ஊருக்குக் கொரியர் வேன் ஓட்டப் போனவன். ரெண்டு கோஷ்டியிலயும் இல்லாதவன், அதனால எல்லாரும் எங்கிட்ட பல்லை இளிச்சுக்கிட்டுப் பேசுவாங்க. சோபா ரிப்பேர் பண்றவர் ஒருத்தர், ஊருக்கு அவர் சோபாக்காரர்; அவர் பட்டறைக்கு மேல ஒரு ரூம் எடுத்திருந்தேன். கீழ பட்டறை, அதுக்குப் பின்னாடி அவரும் அவர் பொண்டாட்டியும் இருந்த வீடு, நடுவுல ஒரு திரைச்சீலை. யாரு தும்மினாலும் மூணு பேருக்கும் கேக்கும்.

பட்டறைன்னா பெருசா நினைச்சுக்காதீங்க. நீளமா ஒரு ஹால், ரோட்டைப் பாத்து ஒரே ஜன்னல், ஜன்னல்கிட்ட தையல் மெஷின். தரை முழுக்கப் பழைய பஞ்சு, நூல் துணுக்கு, துருப்பிடிச்ச ஸ்பிரிங். செருப்பில்லாம நடந்தா ஆணி குத்தாம திரும்ப முடியாது. நடுவுல எப்பவும் ஏதோ ஒரு சோபா, தோலை உரிச்ச ஆடு மாதிரி மல்லாந்து கிடக்கும்.

சோபாக்காரருக்கு அறுவது வயசு. வேலை விஷயத்துல பொய் சொல்லக்கூடாது, அப்படி ஒரு வேலைக்காரர். ஒரு பிடி சின்ன ஆணியை அள்ளி வாயில போட்டுக்குவாரு. நாக்கால ஒவ்வொண்ணாத் திருப்பி, கொண்டைப் பக்கம் வெளிய வர்ற மாதிரி உதட்டுக்குத் தள்ளுவாரு. காந்தச் சுத்தியலை உதட்டுக்கிட்ட கொண்டு போனதும் ஆணி ஒட்டிக்கும், டக்குனு துணியில இறங்கும். திரும்ப உதடு, திரும்பத் துணி. டக், டக், டக். நான் வாயைப் பொளந்துட்டு மணிக்கணக்காப் பாத்திருக்கேன். ஆனா வாய் நிறைய ஆணி வச்சிருக்கிற மனுஷன்கிட்ட என்ன கேட்டாலும் "ம்ம்"தான் வரும். ஊமையா இருக்க ஆசைப்பட்ட எவனோதான் இந்தத் தொழிலைக் கண்டுபிடிச்சிருக்கணும்.

பேச்சு எல்லாம் அவர் பொண்டாட்டி பங்கு. கவர் தைக்கிறது அவங்கதான். ஊரே தையலக்கான்னு கூப்பிடும், நானும் அப்படித்தான். மெஷின் மிதிச்சுக்கிட்டே பேசுவாங்க, நூல் அறுந்தாத்தான் பேச்சும் அறும்.

அவருக்கு ஒரு பழக்கம். எந்த சோபாவைப் பிரிச்சாலும், மூடறதுக்கு முன்னாடி, முதுகுப் பக்கம் இருக்கிற கட்டையில உள்பக்கமா பென்சில்ல எழுதுவாரு. யார் வீடு, எந்தத் தெரு, தேதி, என்ன வேலை. துணியை இழுத்து ஆணி அடிச்சுட்டா அது யார் கண்ணுக்கும் தெரியாது. மறுபடி எவனாவது பிரிச்சாத்தான் தெரியும். "டாக்டர் சீட்டு எழுதறாரில்ல, அந்த மாதிரி. அடுத்து பிரிக்கிறவனுக்கு ஸ்பிரிங் எப்ப மாத்தினதுன்னு தெரியணும்ல"ன்னு ஒரு தடவை சொன்னாரு. வாயில ஆணி இல்லாத நேரம்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன்.

மழை வர்ற மாதிரியே ஒரு வாரமா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு இருந்துச்சு வானம், வரலை. துணியெல்லாம் கையில ஒட்டும், அப்படிப் புழுக்கம். திங்கக்கிழமை காலையில தலைவரோட சோபா வந்துச்சு. தலைவர்னா நிக்கிறவங்க சங்கத் தலைவர். ஊர்ல எது திறந்தாலும் ரிப்பன் வெட்டறது அவருதான், பொதுக் கழிப்பறையைக்கூட விடலை. என் வேன்லதான் ஏத்திட்டு வந்தோம். மூணு பேர் உக்கார்ற சோபா, பழைய கனமான மரம், மெரூன் துணி நைஞ்சு போயிருந்துச்சு.

"பொண்ணு கல்யாணம் ஞாயித்துக்கிழமை. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க இதுலதான் உக்காரப் போறாங்க. வெள்ளிக்கிழமை சாயந்திரம் என் வீட்டுல இருக்கணும், என்ன?"

"ம்ம்."

"சந்தன கலர் போடு. பாக்க லட்சணமா இருக்கணும்."

"கட்டை எப்படி இருக்குன்னு பிரிச்சுப் பாத்துத்தான்..."

"கட்டை கல்லு மாதிரி இருக்குய்யா. அதை எதுக்குப் பாக்கறே? மேல துணி நல்லா இருந்தாப் போதும்." சொல்லிட்டு சோபாவைத் தட்டிக் குடுத்தாரு, வளத்த மாட்டைத் தட்டற மாதிரி. தையலக்காவைப் பாத்து, "என்ன தையலம்மா, கல்யாணத்துக்கு வந்துடு. நல்லா சாப்பிடு, இளைச்சுட்டே"ன்னாரு.

"வர்றேங்க"ன்னாங்க அக்கா. அவர் தெரு முனை திரும்பினதும், "இவன் சொல்லித்தான் நான் சாப்பிடணுமாக்கும்"னு மெஷினை ஒரு மிதி மிதிச்சாங்க.

சோபாக்காரர் பிரிக்க ஆரம்பிச்சாரு. ஆணி பிடுங்கற உளியை வச்சு ஒரு தட்டு, ஒரு நெம்பு. மெரூன் துணி உரிஞ்சு வந்துச்சு, அப்புறம் மக்கின பஞ்சு, நார், கேன்வாஸ் பட்டை. முதுகுத் துணியை இழுத்தாரு. கை நின்னுடுச்சு. ஒரு நிமிஷம் அப்படியே குனிஞ்சு பாத்துட்டு, வாயில இருந்த ஆணியை எல்லாம் உள்ளங்கையில துப்பிட்டு, "டீ குடிச்சுட்டு வர்றேன்"னு கிளம்பிட்டாரு. அடுப்புல டீ கொதிச்சுக்கிட்டு இருக்கு!

நான் போய் எட்டிப் பாத்தேன். கூறுகெட்டவன், சத்தமா வேற படிச்சேன்.

"பேக்கரி வீடு, மூணாம் தெரு, எட்டாம் தேதி, ஸ்பிரிங் ஆறு புதுசு. அதுக்குக் கீழ... தலைவர் வீடு, பதினாலாம் தேதி, துணி மட்டும். ரெண்டும் ஒரே மாசம், ஒரே வருஷம். என்னக்கா இது, ஆறே நாள்ல வித்துட்டாங்களா?"

மெஷின் நின்னுடுச்சு.

"கதவைச் சாத்து"ன்னாங்க அக்கா.

சாத்தினேன். நூல்கண்டை உருட்டிக்கிட்டே சொன்னாங்க. 

"சத்தம் ஒன்பதாம் தேதி ஆரம்பிச்சுது. பதினொண்ணோட முடிஞ்சுது. பன்னெண்டாம் தேதியில இருந்து எங்களுக்கு வேலை. அந்த மாதிரி வேலை அதுக்கு முன்னயும் வந்ததில்ல, பின்னயும் வந்ததில்ல. வாசல்ல வரிசையா நின்னுச்சு சோபா. நல்ல துணி தெரியுமா, கிழியல, அழுக்கில்ல. இருந்தும் மாத்தணுமாம். பூப்போட்டதுக்குக் கோடு, நீலத்துக்கு மெரூன். நாப்பத்தியோரு கவர் தெச்சேன். கால் வீங்கிப் போச்சு."

"எதுக்குன்னு கேக்கலையா?"

"கேட்டா? தெரியாமலா தெச்சேன்? திண்டு இடுக்குல எல்லாம் கைவிட்டா சாமான் வரும். சீப்பு, கண்ணாடி, பால் பல்லு ஒண்ணு பேப்பர்ல மடிச்சு. எல்லாத்தையும் அடுப்புல போட்டேன். போடா, போய் உன் வண்டியைப் பாரு."

அதுவரைக்கும் அந்த ஊர்ல எனக்குப் பிடிச்சது இந்த ஒரு அக்காதான். அன்னிக்கு ராத்திரி நான் கீழ சாப்பிடப் போகலை.

மறுநாள், செவ்வாக்கிழமை, ஒரு பொண்ணு வந்தாங்க. பொண்ணுன்னா முப்பத்தி நாலு வயசு. கையில பிளாஸ்டிக் ஃபைல், தோள்ல பை, வேர்த்து ஊத்துது. வாசல்ல நின்னே, "சோபா மாமா இருக்காரா?"ன்னாங்க.

சோபாக்காரர் வாயில ஆணி. சோபாவை நிமுத்தி, முதுகை சுவத்தோட ஒட்டி வச்சிருந்தாரு, எழுத்து உள்பக்கம். தலையை மட்டும் ஆட்டினாரு.

"என்னைத் தெரியுதா மாமா? பேக்கரிக்காரர் மக. சின்னதுல உங்க ஸ்பிரிங் எல்லாம் எடுத்து விளையாடுவேனே, திட்டுவீங்களே."

தையலக்கா எந்திரிச்சு வந்து ஒரு ஸ்டூலைத் துடைச்சுப் போட்டாங்க. அந்தப் பொண்ணு உக்காந்த இடத்துக்கும் அந்தக் கட்டைக்கும் நடுவுல ஒரு முழம் இருக்கும். சத்தியமா ஒரு முழம்தான்.

ஃபைலைத் திறந்தாங்க. இருவத்தாறு வருஷம் கழிச்சு அரசாங்கத்துக்கு முழிப்பு வந்து, பழைய ஸ்கூல் கட்டடத்துல ஒரு ஆபீஸ் போட்டிருந்தாங்க, காணாமப் போனவங்களைப் பதியறதுக்கு. வெள்ளிக்கிழமையோட மூடிடுவாங்க. அந்தப் பொண்ணு அப்பா பேருக்கு நேரா அங்க ஏற்கனவே ஒரு வரி எழுதியிருந்துச்சு: சொந்த விருப்பத்துல ஊரை விட்டுப் போனவர்.

"தலைவர் எழுதிக் குடுத்திருக்காரு மாமா. ஒண்ணாம் தேதியே எங்கப்பா வீட்டு சாமான், சோபா எல்லாம் அவருக்கு வித்துட்டு எங்கயோ போயிட்டாராம். சத்தத்தப்போ ஊர்லயே இல்லையாம். அதனால சாகலையாம், ஓடிப்போயிட்டாராம்."

"அடப்பாவி"ன்னாங்க அக்கா.

"எங்கம்மா இத்தன வருஷமா புருஷனே விட்டுட்டு ஓடிப்போன பொம்பளைங்கற பேரோட இருக்காங்கக்கா. எங்க ஆளுங்களே சொல்றாங்க, எவளோடயோ இருப்பான்னு. அம்மாவுக்கு இப்ப ரொம்ப முடியல. எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் வேணும். அந்த வரியை அடிச்சுட்டு 'இறந்தவர்'னு எழுதணும். அம்மா கண்ணை மூடறதுக்குள்ள அந்த ஒரு வார்த்தையைக் காட்டணும்." மாமா பக்கம் திரும்பினாங்க. "ஏழாம் தேதி எங்களை லாரியில ஏத்தி சித்தி ஊருக்கு அனுப்பினாரு. தான் மட்டும் நின்னுட்டாரு. ஏன்னு தெரியுமா? எங்க சோபா உங்ககிட்ட ரிப்பேருக்கு இருந்துச்சு. ஆறாம் தேதி தர்றேன்னு சொன்னீங்களாம், வரலையாம். 'அவன் கொண்டு வந்துடுவான், வாங்கிப் போட்டுட்டு ரெண்டு நாள்ல வர்றேன்'னாரு. அப்போ ஒண்ணாம் தேதி எப்படி மாமா வித்திருப்பாரு? நீங்க எந்தத் தேதி குடுத்தீங்க, அதை மட்டும் சொல்லுங்க."

சோபாக்காரர் ஆணியைத் துப்பலை. சுத்தியலைப் பாத்தாரு, ஜன்னலைப் பாத்தாரு. கடைசியா ஒவ்வொண்ணா எடுத்து டப்பாவுல போட்டாரு, டிங், டிங், டிங்னு.

"ஞாபகம் இல்லம்மா."

"கொஞ்சம் யோசிச்சு..."

"எத்தனையோ சோபா. எத்தனையோ வருஷம். ஞாபகம் இல்ல."

அந்தப் பொண்ணு சண்டை போடுவாங்கன்னு நினைச்சேன். போடலை. ஃபைலை மூடி, "சரி மாமா. வெள்ளிக்கிழமை வரைக்கும் லாட்ஜுல இருப்பேன்"னு எந்திரிச்சாங்க. சுவத்துல சாஞ்சிருந்த சோபாவைப் பாத்து, "நல்ல மரம்"னு வேற சொல்லிட்டுப் போனாங்க.

மத்தியானம் சாப்பாட்டுக்கு உக்காந்தோம், நான் பட்டறையில, அவங்க ரெண்டு பேரும் வீட்டுக்குள்ள. வேகவச்ச உருளைக்கிழங்கு, முட்டை, அந்தக் கேடுகெட்ட ரொட்டி. திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் அக்கா தட்டை வச்ச வேகத்துலயே தெரிஞ்சுபோச்சு.

"ஞாபகம் இல்லையாங்க?"

"சாப்பிட விடுறியா?"

"நாலு அடி தள்ளி எழுதி வச்சிருக்கு, உங்க கையால. ஞாபகம் இல்லையாம்ல."

"இந்தா, உனக்கு ஒண்ணும் தெரியாது. வாயை மூடிக்கிட்டு இரு. தலைவர் ஒரு வார்த்தை சொன்னா இந்த ஊர்ல ஒருத்தன் ஒரு ஸ்டூலைக் குடுப்பானா நமக்கு?"

"குடுக்காட்டி போறான். அந்தப் புள்ள மூஞ்சியைப் பாத்தீங்களா? அப்படியே அவங்கப்பா."

"பாக்கலை."

"பாக்க மாட்டீங்க. பாத்தாத்தான் ஞாபகம் வந்துடுமே."

"நீ யோக்கியமா? நாப்பத்தியோரு கவர் தெச்சவதானே நீ?"

"ஆமா, தெச்சேன். நான் யோக்கியம்னு எவகிட்டயும் சொல்லலையே. ஒரு கவருக்குள்ளயும் கையை விடாம தெச்சிருந்தா நான் யோக்கியம். விட்டேன். எல்லாத்தையும் எடுத்து எரிச்சேன். அதனாலதான் கேக்கறேன். இது ஒண்ணாவது எரிக்கிற சாமான் இல்ல."

"உப்புக்காகிதம் வச்சு ரெண்டு தேய் தேச்சா போயிடும்."

"தேச்சுப் பாருங்க." அவ்வளவுதான் சொன்னாங்க. ஆனா அந்தக் குரலைக் கேட்டு நான் கையில இருந்த முட்டையைக் கீழ வச்சுட்டேன்.

அவர் தேய்க்கலை. புதன்கிழமை வேற ஒண்ணு பண்ணாரு, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். ரம்பத்தை எடுத்து அந்தக் கட்டையில எழுத்து இருந்த பகுதியை மட்டும், ரெண்டு பக்கமும் அளவெடுத்து, நேர்கோட்டுல அறுத்தாரு. அந்த இடத்துல புதுக் கட்டை வச்சு, பசை போட்டு, ஸ்குரூ முடுக்கினாரு. ஒட்டு வச்ச இடம் விரலுக்குக்கூடத் தட்டுப்படல. அறுத்த துண்டைப் பேப்பர்ல சுத்தி எங்கிட்ட நீட்டினாரு.

"லாட்ஜுல குடுத்துடு. எங்க கிடைச்சுதுன்னு கேட்டா தெரியாதுன்னு சொல்லு. என் பேரு வரக்கூடாது."

மூஞ்சியில ஒரு திருப்தி வேற, கோயில் கட்டிக் குடுத்த மாதிரி! மரத்தைக் குடுத்துட்டாராம், வாயைக் குடுக்க மாட்டாராம். பாவமும் போகணும், பல்லுலயும் படக்கூடாது. அந்த ஊர்ல நல்லவங்க எல்லாரும் இந்த அளவுதான் நல்லவங்க, ஒரு சாண் கட்டை அளவு.

அந்தப் பொண்ணு பேப்பரைப் பிரிச்சுப் படிச்சாங்க. எட்டாம் தேதிங்கற இடத்துல விரலை வச்சு, தொடாம, மேலயே வச்சிருந்தாங்க. அப்புறம் கேட்டாங்க, "அடுத்த வரி தலைவர் வீடு. இதை எழுதும்போது மாமாவுக்குக் கை நடுங்கல, பாத்தீங்களா? ரெண்டு வரியும் ஒரே மாதிரி இருக்கு."

 பாத்தேன். ஒரே மாதிரிதான் இருந்துச்சு.

வியாழக்கிழமை ஆபீஸுக்கு எடுத்துட்டுப் போனாங்க. கிளார்க் வெளியூர்க்காரரு, கண்ணாடியை நெத்தியில ஏத்திட்டுப் பாத்துட்டு சொன்னாராம்: "தேதி சரியாத்தான்மா இருக்கு. எட்டாம் தேதி பட்டறையில இருந்த சோபாவை ஒண்ணாம் தேதி ஒருத்தர் வாங்கியிருக்க முடியாது. ஆனா பென்சில் எழுத்து. நேத்து எழுதினதுன்னு சொன்னா நான் என்ன பண்ணுவேன்? எழுதினவர் வந்து என்னுதுன்னு சொல்லட்டும், 'இறந்தவர்'னு மாத்தி எழுதிடறேன். நாளைக்கு அஞ்சு மணி வரைக்கும் இருப்பேன்." வரச் சொல்லி சோபாக்காரருக்கு ஒரு சீட்டு, எதிர்ப்பு இருந்தா சொல்லட்டும்னு தலைவருக்கும் ஒரு சீட்டு.

சீட்டைப் பாத்ததும் அவர் போகவே மாட்டேன்னுட்டாரு. "வயிறு சரியில்ல"ன்னாரு. தையலக்கா மெஷினுக்கு உறையைப் போட்டு மூடினாங்க. பகல்ல அது மூடி நான் பாத்ததே இல்ல. "நீங்க வரலைன்னா நான் மட்டும் போறேன். எனக்குத் தெரிஞ்சதை நான் சொல்லிக்கிறேன்"னாங்க. அதுக்கு அப்புறம்தான் சட்டையை மாட்டினாரு.

வெள்ளிக்கிழமை மூணு மணி. சந்தன கலர் சோபா பட்டறையில ரெடியா நிக்குது, ஜோரா. நாங்க வேன்ல ஸ்கூலுக்குப் போனோம். ஒண்ணாம் கிளாஸ் ரூம், சுவத்துல இன்னும் யானை, மயில் எல்லாம் வரைஞ்சிருக்கு. எல்லாரும் குட்டி பெஞ்சுல முட்டி மேல வர்ற மாதிரி உக்காந்திருந்தோம். தலைவர் மட்டும் நிக்கிறாரு, அவர் தொப்பைக்கு அந்த பெஞ்சு பத்தல.

"என்னய்யா"ன்னு சோபாக்காரரைப் பாத்துச் சிரிச்சாரு, "ஒரு துண்டுக் கட்டைக்காக இத்தனை பேர் வேலை கெட்டுப்போச்சு. வீட்டுல கல்யாணத்தை வச்சுக்கிட்டு. சொல்லிட்டு வா, போலாம்."

கிளார்க் கட்டையை மேஜை மேல வச்சாரு. "இது உங்க பட்டறை எழுத்தா?"

"பட்டறை எழுத்துதாங்க."

பேக்கரிக்காரர் மக மூச்சை விட்டாங்க.

"எழுதினது நீங்களா?"

சோபாக்காரர் தலைவரைப் பாத்தாரு. "எங்கப்பாங்க. அப்ப அவருதான் பட்டறையைப் பாத்துக்கிட்டாரு. அவரு போய்ச் சேந்து பதினெட்டு வருஷம் ஆச்சு."

தலைவர் கையை விரிச்சாரு. "செத்தவரை எங்க கூட்டிட்டு வர்றது? பாவம்." கிளார்க் பேனாவை மூடப் போனாரு. செத்துப்போன அப்பன் தலையில தூக்கி வச்சுட்டாரு பாருங்க! அந்த ஆளைத் தூக்கி அந்த யானை படத்து மேலயே எறியலாமான்னு இருந்துச்சு எனக்கு.

"மாமாவுக்கு எழுதத் தெரியாதுங்க"ன்னாங்க தையலக்கா.

எல்லாரும் திரும்பினோம்.

"இவரு அப்பாவுக்கு. பள்ளிக்கூடம் பக்கமே போனதில்ல. எங்க கல்யாணப் பதிவுலயே கைநாட்டுதான், வேணும்னா எடுத்துப் பாருங்க. எழுதினது இவரு. ரெண்டு வரியும் இவருதான். பென்சில் சீவிக் குடுத்தது நான்."

"தையலம்மா, புருஷன் பொண்டாட்டி சண்டையை வீட்டோட வச்சுக்கோ"ன்னாரு தலைவர். சிரிப்பு இல்ல இப்ப.

"வீட்டோட வச்சு வச்சுத்தான் இருவத்தாறு வருஷம் ஆச்சுங்க."

கிளார்க் சோபாக்காரரையே பாத்தாரு. "பெரியவரே. உங்க எழுத்தா, இல்லையா?"

  சோபாக்காரர் வாய் அசைஞ்சுக்கிட்டே இருந்துச்சு, உள்ள ஏதோ திரும்பற மாதிரி.

"என்னுதுதான்."

பேக்கரிக்காரர் மக முகத்தைப் பொத்திக்கிட்டாங்க. கிளார்க் பழைய வரியை ஸ்கேல் வச்சு அடிச்சாரு. பக்கத்துல 'இறந்தவர்'னு எழுதினாரு. எவ்வளவு சின்ன வார்த்தை. எழுதி முடிக்க மூணு செகண்டு ஆகல.

"இறந்த தேதி?"ன்னு கேட்டாரு. "தெரியலைன்னா தெரியவில்லைன்னு போட்டுக்கறேன். பெரும்பாலும் அப்படித்தான் போடறோம்."

"தெரியாதுங்க"ன்னாங்க அந்தப் பொண்ணு. "போட்டுக்கோங்க."

"ஒன்பதாம் தேதி"ன்னாரு சோபாக்காரர். "மத்தியானம் மூணே கால்."

கிளார்க் பேனா நின்னுச்சு. "நேரத்துக்கு இதுல கட்டம் இல்ல... மூணே கால்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அவங்க ஹால்ல கடிகாரம் இருந்துச்சு."

"நீங்க அங்க இருந்தீங்களா?"

தையலக்கா மெதுவா அவர் பக்கம் திரும்பினாங்க. "அன்னிக்கு நூல் வாங்கப் போறேன்னுதானே சொல்லிட்டுப் போனீங்க"ன்னாங்க. கோபமே இல்ல அந்தக் குரல்ல. அக்காவுக்குத் தெரியாது. எல்லாம் தெரியும்னு நினைச்சுக்கிட்டு ஒரே பாயில படுத்து எந்திரிச்சிருக்காங்க, இது மட்டும் தெரியாது.

அவர் யாரையும் பாக்கல. கட்டையைப் பாத்துத்தான் சொன்னாரு. "முந்தின நாள்தான் நான் கொண்டு வந்து போட்ட சோபா. எப்படித் தூக்கினா வாசல்ல நுழையும்னு எனக்குத்தான் தெரியும்னு கூப்பிட்டாங்க. போனேன். ஒரு பக்கம் நான் பிடிச்சேன். வெளிய கொண்டு வரும்போது பேக்கரிக்காரரு குறுக்க வந்து வாசப்படியில நின்னுட்டாரு. 'நேத்துதானேடா கொண்டு வந்தே'ன்னாரு எங்கிட்ட. வேற ஒண்ணும் சொல்லல. அப்புறம் அவரை இழுத்து..." நிறுத்தினாரு. "நான் கீழ வைக்கலை. கையில சோபா இருந்துச்சு. வச்சிருக்கலாம். வைக்கலை."

அந்தப் பொண்ணு முகத்துல இருந்து கையை எடுத்திருந்தாங்க. அழலை. சோபா மாமாவை, முதல் தடவையாப் பாக்கற மாதிரி பாத்துக்கிட்டு இருந்தாங்க.

கிளார்க் ஃபாரத்தைத் திருப்பிப் போட்டாரு. பின்பக்கம் வெறும் வெள்ளை. "மூணு பேர் உக்கார்ற சோபான்னு தலைவர் எழுதிக் குடுத்ததுல இருக்கு"ன்னாரு. "ஒத்த ஆளாத் தூக்க முடியாது. இன்னொரு பக்கம் யாரு?"

சோபாக்காரர் கையை நீட்டினாரு. விரல்கூட நீட்டல, ஆணி அடிச்சு அடிச்சுத் தட்டையான கட்டை விரலோட மொத்தக் கையும் அப்படியே நீண்டுச்சு.

தலைவர் அதுக்குள்ள கதவுகிட்ட போயிட்டாரு. போனவரு திரும்பினாரு. மறுத்துக் கத்துவாருன்னு பாத்தேன், மிரட்டுவாருன்னு பாத்தேன். அவரு நெத்தி வேர்வையைத் துடைச்சுக்கிட்டு, நிஜமாவே கவலைப்பட்டுக் கேட்டாரு:

"அப்போ ஞாயித்துக்கிழமைக்கு சோபா வராதா?"